நிறை: 42 கிலோ

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. பெயர், உயரம், நிறை, சப்பாத்து அளவு, ஸ்கீ ஓடத் தெரியுமா தெரியாதா என்று ஐந்து கட்டங்கள். 2016 ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை காலை, எட்டாம் வகுப்பில் என் பிள்ளைகள் 19 பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவர்கள் இருந்த இடத்திலிருந்தே சத்தமாகச் சொல்லச் சொல்ல நான் நிரப்பிய தாள். பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டுக் கணிதப் பாடத்தைத் தொடங்கினேன். கெட்டித்தனமாக ஒரு வேலை பார்த்ததாகத்தான் அப்போது நினைப்பு.

பதினோராவது வரியில் ஒரு தமிழ்ப் பிள்ளையின் பெயருக்கு நேரே நிறை 42 என்று என் கையெழுத்தில் இருக்கிறது. அது பொய். சொன்னது அவள்தான். ஆனால் அவளைச் சொல்ல வைத்தது நான்.

அந்தத் தாள் ஸ்கீலாகருக்காக நிரப்பியது. சுவிற்சர்லாந்தில் இல்லாதவர்களுக்கு ஸ்கீலாகர் என்றால் என்னவென்று கொஞ்சம் விளக்கவேண்டும். லாகர் என்றால் முகாம். பெப்ரவரியை ஒட்டி வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளை ஒரு மலைக்கிராமத்துக்குக் கூட்டிப்போய், பெரிய மரவீடு ஒன்றில் ஐந்து நாள் தங்கவைத்து, பகல் முழுக்கப் பனியில் சறுக்கப் பழக்குவார்கள். லாகர் தவிர, குளிர்காலத்தின் நடுவே பாடசாலைக்கு ஒரு கிழமை விடுமுறையும் உண்டு. அது வந்த கதையே வேடிக்கையானது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நிலக்கரிக்குத் தட்டுப்பாடு. வகுப்பறைகளைச் சூடாக்கிக் கட்டாது என்று பாடசாலைகளைப் பூட்டினார்கள். வீட்டில் சும்மா இருந்த பிள்ளைகளுக்கு மலை இருந்தது, பனி இருந்தது. 1941 இல் நாடு முழுவதிலுமிருந்து பிள்ளைகளைச் சேர்த்து நடத்தத் தொடங்கிய பெரிய முகாம் இன்றும் லெங்க் என்ற ஊரில் நடக்கிறது. 1972 இல் ‘யூகெண்ட் உண்ட் ஸ்போர்ட்’ என்ற அரச திட்டம் வந்தபிறகு முகாம்களுக்கு உதவித்தொகையும், கூட்டிப்போகிற ஆசிரியர்களுக்கு முறையான பயிற்சியும் கிடைத்தன. இந்த நாட்டுக்காரர் ஒருவரிடம் சிறுவயது ஞாபகம் ஒன்றைச் சொல்லச் சொன்னால் பத்துக்கு ஐந்து பேர் லாகரைத்தான் சொல்வார்கள். ஈரக் கையுறைகள் ஹீட்டரில் காயும் மணம், பெரிய அண்டாவில் கொதிக்கும் தேத்தண்ணி, மேல்கட்டிலுக்கு அடிபிடி.

வீகோ தொரியானி 1963 இல் பாடிய ஒரு பாட்டு இருக்கிறது. நாடே, எல்லாருமே ஸ்கீ ஓடுகிறார்கள் என்பதுதான் அதன் சாரம். இன்றைக்கும் லாகரில் அதைப் போடாமல் விடமாட்டார்கள். அந்த ‘எல்லாரும்’ என்பதற்குள் நாங்கள் இல்லை. எங்கள் ஆட்கள் 83 கலவரத்துக்குப் பிறகுதான் இங்கே திரளாக வந்தார்கள். வந்தவர்கள் மலையில் சறுக்கவில்லை, உணவகங்களின் பின்பக்கத்தில் கோப்பை கழுவினார்கள். என் அப்பாவும் அப்படித்தான்.

நான் வந்தது 1990 இல், ஒன்பது வயதில். 1995 இல் எட்டாம் வகுப்பில் லாகர்க் கடிதம் வந்தது. அப்பா கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். அதாவது நான் வாசித்து மொழிபெயர்க்க, இரண்டு தரம் கேட்டார். ‘பொம்பிளைப்பிள்ளை நாலு இரவு வெளியில தங்கிறதோ?’ என்றார். காசைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. காசும் இருக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். வகுப்பு புறப்பட்ட திங்கட்கிழமை எனக்குக் காய்ச்சல் என்று நானே ஜேர்மன் மொழியில் எழுதி, அப்பாவிடம் கையெழுத்து வாங்கினேன். செவ்வாய்க்கிழமை காய்ச்சல் இல்லை. லாகருக்குப் போகாத பிள்ளைகள் பாடசாலைக்கு வந்து வேறு வகுப்பில் இருக்கவேண்டும். என்னை ஐந்தாம் வகுப்பில் கொண்டுபோய் இருத்தினார்கள். சின்னக் கதிரை. முழங்கால் மேசையில் முட்டும். நாலு நாள் அந்தக் கதிரையில் இருந்தேன்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இருபது வருடங்களுக்குப் பிறகு நான் செய்த அத்தனை பிழைகளும் அந்தக் கதிரையிலிருந்துதான் தொடங்குகின்றன.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் 23 வயதில்தான் முதன்முதலாக ஸ்கீயில் கால் வைத்தேன். இங்கத்தைய பிள்ளைகள் மூன்று வயதில் பழகுவதை வளர்ந்த உடம்போடு பழகுவது பெரும்பாடு. அவர்கள் விழுந்தால் பந்து. நாங்கள் விழுந்தால் மூட்டை. விடாப்பிடியாகப் பழகினேன். முகாம் நடத்தும் பயிற்சியையும் முடித்தேன். நடுத்தரமாக ஓடுவேன். நடுத்தரம் என்பதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. கறுத்த முகத்தோடு மலையில் நிற்கும் ஒரே ஆசிரியை நான். ‘எனக்கு இந்தப் பாதை கஷ்டம்’ என்று சொல்ல வாய் வராது.

2015 மார்கழியில் என் வகுப்பில் 18 பிள்ளைகள் லாகர்ப் படிவம் தந்துவிட்டார்கள். தராதது அந்தத் தமிழ்ப் பிள்ளை ஒன்றுதான். விசாரித்தேன். ‘மாமா ஏர்லாப்ட் நிட்’ என்று சுவிஸ் ஜேர்மனில் சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டாள். அம்மா விடமாட்டாவாம். எனக்கு வேறு ஒன்றும் தேவைப்படவில்லை. அடுத்த சனிக்கிழமை அவர்களின் வீட்டில் நின்றேன்.

தேத்தண்ணியும் ரோல்சும் வந்தன. அம்மா நேராகவே கேட்டார். பெடியன்கள் எந்த மாடியில்? இரவில் கதவு பூட்டுமா? மாதத்துக்கு வந்துவிட்டால் என்ன செய்வது? மாட்டிறைச்சி போடுவார்களா? எல்லாமே நியாயமான கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் மறுமொழி சொன்னேன். பெற்றோர் கட்டவேண்டிய 280 பிராங்கில் பாதியைப் பாடசாலை நிதியிலிருந்து எடுக்கலாம் என்றேன். ஜாக்கெட், காற்சட்டை, கையுறை எல்லாம் பாடசாலை அலுமாரியில் இருக்கிறது என்றேன். கடைசியில், கேட்காமலே ஒரு வார்த்தையும் கொடுத்தேன்.

‘நான் பக்கத்திலயே வச்சிருப்பன் அக்கா. என்ர பிள்ளை மாதிரி.’

‘நீங்கள் எங்கட பிள்ளை எண்டபடியால்தான் ரீச்சர் விடுறன்’ என்று கையெழுத்து வைத்தார்.

வெளியே வரும்போது மகாராணி மாதிரி இருந்தது எனக்கு. அந்தப் பிள்ளை முழு நேரமும் அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இனி அந்தத் தாளுக்கு வருகிறேன். ஸ்கீயும் சப்பாத்தும் பிணைகிற இடத்துக்கு பிண்டுங் என்று பெயர். விழும்போது சப்பாத்தை விட்டுவிடுவதற்காகவே செய்த பொறி அது. விடாவிட்டால் கால் முறியும். எந்த இழுவைக்கு விடவேண்டும் என்பதை ஒரு திருகாணியால் கூட்டிக் குறைப்பார்கள். நிறை, உயரம், வயது, சப்பாத்தின் அடி நீளம், எவ்வளவு ஓடத் தெரியும் என்பவற்றை அட்டவணையில் பார்த்து அளவு வைப்பார்கள். நிறையைக் கூட்டிச் சொன்னால் விடவேண்டிய நேரத்தில் விடாது. குறைத்துச் சொன்னால் விடக்கூடாத நேரத்தில் விட்டுவிடும். வாடகைக் கடைக்காரர் எங்கள் தாள்களை நம்பித்தான் மூன்று வகுப்புகளின் 52 பிள்ளைகளுக்கும் முதல் நாளே திருகி அடுக்கி வைத்திருந்தார்.

பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளையிடம், பெடியன்கள் நிறைந்த வகுப்பில், ‘எத்தனை கிலோ?’ என்று சத்தமாகக் கேட்டால் என்ன நடக்கும்? நானும் பதின்மூன்று வயதாய் இருந்தவள்தான். அவளுக்கு முன் பதில் சொன்ன பிள்ளை 41 என்றது. இவள் ஒரு கணம் நின்று, 42 என்றாள். நான் எழுதினேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

லாகர் நடந்தது பேர்ண் மாநிலத்து மலைப்பக்கம் ஓர் ஊரில். மூன்று வகுப்பு, 52 பிள்ளைகள், ஏழு பெரியவர்கள். முதல் நாள் மாலை, கூட்டிப்போனவர்களில் மூத்தவர் சாப்பாட்டு மேசையில் விதிகளைச் சொன்னார். சர்வதேச ஸ்கீ சம்மேளனத்தின் பத்து விதிகள்: முன்னால் போகிறவருக்கே பாதை சொந்தம், ஒடுங்கிய இடத்தில் நிற்காதே, விழுந்தால் விரைவாக ஓரத்துக்குப் போ, இப்படி. கூடவே எங்கள் விதி ஒன்று: தனியே விடுபட்டால் நகரவேண்டாம், பாதையோரக் கம்பத்தடியில் இருக்கவேண்டும், ஸ்கீயைப் பனியில் நட்டு வைக்கவேண்டும், நாங்கள் வருவோம்.

பழகாத பிள்ளைகளுக்கு ஒரு குழு. நகரும் பட்டியில் நின்று மேலே போய், ஸ்கீயின் முனைகளைச் சேர்த்து முக்கோணமாகப் பிடித்துக்கொண்டு இறங்கவேண்டும். பிள்ளைகள் அதை ‘பிற்சா’ என்பார்கள், நேராக விட்டால் ‘பொம்ஸ்’, உருளைக்கிழங்குப் பொரியல். அவள் இரண்டு நாளில் பிற்சா பிடித்துவிட்டாள். புதன்கிழமை நீலப் பாதையில் மெல்ல இறங்கினாள். அன்றிரவு நான் அவளை என் குழுவுக்கு மாற்றினேன். பழக்கிக்கொண்டிருந்த இளம் ஆசிரியர், ‘இன்னும் ஒரு நாள் என்னுடன் இருக்கட்டுமே’ என்றார். இல்லை, அவளால் முடியும் என்றேன். பக்கத்தில் வைத்திருப்பேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்தவள் நான். இது ஒரு காரணம். ஒரு தமிழ்ப் பிள்ளை மூன்றே நாளில் முன்னேறிவிட்டது என்று மற்ற ஆசிரியர்கள் பார்க்கவேண்டும் என்பதும் ஒரு காரணம். எது பெரிய காரணம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

வியாழக்கிழமை பின்னேரம் மூன்றரை மணி. என் குழுவில் ஒன்பது பேர். கடைசி ஓட்டம். பிள்ளைகள் ‘சிவப்பு, சிவப்பு’ என்று கத்தினார்கள். நீலப் பாதையின் சரிவு 25 சதவீதத்துக்குள் இருக்கும். சிவப்பு 40 வரை போகும். இங்கத்தைய பிள்ளைகளுக்கு அது ஒன்றுமில்லை. நான் சரி என்றேன். பாதி இறங்கும்போது கீழேயிருந்து புகார் எழும்பி வந்தது. வானமும் பனியும் ஒரே வெள்ளை. மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரியாது, முழங்காலுக்குத்தான் தெரியும். எனக்கே பயம். பயந்தவள் என்ன செய்தேன் என்றால், முன்னால் போனேன். பின்னால் வருகிறவர்களைப் பார்த்துப் போக என் ஓட்டம் போதாது. கடைசியாக வருவதற்கு நன்றாக ஓடுகிற பிள்ளை ஒன்றை நிறுத்தியிருக்கவேண்டும். நிறுத்தவில்லை.

நடுவில் ஓரிடத்தில் நின்று எண்ணினேன். ஒன்பது தலைக்கவசம். கீழே லிப்ட் நிலையத்தில் வெளிச்சத்தில் எண்ணினேன். எட்டு. ஒன்பதாவது தலை வேறு குழுவிலிருந்து எங்கள் வாலில் ஒட்டிக்கொண்டு வந்த பெடியன்.

லிப்டில் நின்ற மனிதர் பதறவில்லை. உடனே ரோந்துக்காரருக்கு அறிவித்தார். பிறகு என்னிடம் மூன்று கேள்வி கேட்டார். என்ன நிற ஜாக்கெட்? ஊதா, அலுமாரியிலிருந்து நானே எடுத்துக் கொடுத்தது. வயது? பதின்மூன்று. கடைசியாக எந்த இடத்தில் கண்டீர்கள்? அதற்கு என்னிடம் பதில் இல்லை. மேலே ஏறிய இடத்தில் கண்டேன். அதற்குப் பிறகு தலைகளைத்தான் எண்ணினேன், முகங்களைப் பார்க்கவில்லை.

முப்பத்தைந்து நிமிடம். என் கைப்பேசி பையில் இருந்தது. அவளின் அம்மாவின் இலக்கம் அதில் இருந்தது. இரண்டு தரம் எடுத்து இரண்டு தரம் வைத்தேன்.

பனி ஸ்கூட்டரில் ரோந்துக்காரரின் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினாள். காயம் ஒன்றுமில்லை. உதடு மட்டும் நீலம். கம்பத்தடியில் இருந்தாளாம். ஒரு ஸ்கீயை நட்டு வைத்திருந்தாளாம். மற்றது கழன்று ஓரத்துப் பனிக்குள் புதைந்துவிட்டதாம். முதல் நாள் மாலை சொன்ன விதியை ஓர் எழுத்துப் பிசகாமல் செய்தது அந்தப் பிள்ளைதான். விதியை மீறியது நான். எனக்கு மட்டும் அது தெரியும் என்று நினைத்தேன். ரோந்துக்காரருக்கும் தெரிந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் ஸ்கீயைத் திருப்பி, பிண்டுங்கின் சின்ன யன்னலில் இலக்கத்தைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். இன்றைக்கு எத்தனை தரம் கழன்றது என்று கேட்டார். மூன்று தரம் என்றாள். மூன்று தரமும் என்னிடம் சொல்லவில்லை. முதல் தரம் கழன்றபோது பின்னால் வந்த ஒருவன் சிரித்தானாம்.

‘என்ன நிறை?’ என்று அவர் கேட்டார்.

எட்டுப் பிள்ளைகளும் சுற்றி நின்றார்கள். அவள் என்னைப் பார்த்தாள். இரண்டு வருடமாக என்னோடு சுவிஸ் ஜேர்மன் மட்டுமே கதைத்த பிள்ளை, அப்போதுதான் முதன்முதலாகத் தமிழில் கதைத்தாள்.

‘ஐம்பத்து மூண்டு.’

ஒருவருக்கும் விளங்கவில்லை. நான் ரோந்துக்காரரின் காதருகே போய் மெல்லச் சொன்னேன். அவர் பையிலிருந்து திருப்புளியை எடுத்து அங்கேயே இறுக்கிவிட்டார். நாளை காலை கடையிலும் காட்டுங்கள் என்றார்.

அன்றிரவு சமையலறையில் அவளுக்கு மட்டும் தனியாகத் தேத்தண்ணி ஊற்றினேன். மன்னிப்புக் கேட்டேன். பிறகு, மலையில் பயந்தியா என்று கேட்டேன். பயமில்லை, குளிர்தான் என்றாள். கொஞ்சம் பொறுத்துத்தான் அது வந்தது. அவளுக்கு லாகருக்கு வர விருப்பமே இருக்கவில்லையாம். சறுக்க விருப்பமில்லை. எட்டுப் பேரோடு ஓர் அறையில் உடுப்பு மாற்ற விருப்பமில்லை. அம்மா எப்படியும் மறுப்பார் என்று நம்பி நிம்மதியாக இருந்தாளாம். ‘நீங்கள் வீட்டை வந்து அம்மாவை ஓமெண்டு சொல்ல வச்சிட்டீங்கள்.’ குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

1995 இல் என் ஜேர்மன் ஆசிரியை எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவோடு சண்டை பிடிக்கமாட்டாவா என்று நான் ஏங்கினேன். அந்த ஆசிரியையாக நான் ஆகிவிட்டேன். போன வீடுதான் வேறு வீடு. அங்கே எனக்காக ஏங்கிய பிள்ளை இருக்கவில்லை.

இதற்குப் பிறகு செய்ததுதான் எல்லாவற்றிலும் வெட்கம். அதிபருக்கு அன்றிரவே அறிவித்தேன், அது கடமை. அம்மாவுக்கு அழைக்கவில்லை. அவருக்கு வீண் பயம் எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை புகையிரத நிலையத்தில், ‘சின்னதா ஒருக்கா விழுந்தவா அக்கா, ஒண்டுமில்லை’ என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வேறொரு தமிழ்ப் பெற்றோர் வழியாக முழுக்கதையும் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. திங்கட்கிழமை பின்னேரம் பாடசாலைக்கு வந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. ‘பிள்ளையள் விழுறதுதான் ரீச்சர். நீங்கள் எனக்கு அண்டைக்கே சொல்லியிருக்கலாம்’ என்றார். தேத்தண்ணி வேண்டாம் என்றார். ‘எங்கட பிள்ளை’ என்று அவர் என்னை அதற்குப் பிறகு சொன்னதில்லை.

அடுத்த வருடத்திலிருந்து நிறையை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. பிள்ளையே வீட்டில் நிறுத்து எழுதி, உறையில் போட்டு ஒட்டித் தரும். பெயருக்குப் பதில் இலக்கம். கடைக்காரர் மட்டும் திறப்பார். அவரே சொன்னார், பெரியவர்களும் பொய்தான் சொல்கிறார்களாம், முக்கியமாக மனைவி பக்கத்தில் நின்றால். குழுவின் கடைசியில் எப்போதும் ஒரு நல்ல ஓட்டக்காரப் பிள்ளை வரும். தலையை எண்ணுவதில்லை, பெயர் கூப்பிடுகிறோம். சிவப்புப் பாதைக்கு நான் போவதில்லை. எனக்கு அது கஷ்டம் என்று சொல்லிவிட்டேன். ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

2017 டிசம்பரில் லொசானில் உள்ள உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. கட்டாயமாகப் போகவேண்டிய முகாம் என்றால் பெற்றோரிடம் சாப்பாட்டுச் செலவு மட்டும்தான் வாங்கலாம், நாளுக்கு 10 முதல் 16 பிராங் வரை. காசு கட்ட முடியாத வீடுகளுக்கு நல்ல செய்தி. செலவு கையைக் கடித்ததால் பாடசாலைகள் சில முகாமையே விட்டுவிட்டன. எங்களுடையது தப்பியது. இப்போது சறுக்காத பிள்ளைகளுக்கு என்று சறுக்குவண்டியும் பனியில் நடையும் வைத்திருக்கிறோம். அதிலேயே கூட்டம் கூடுகிறது. கீழ் மலைகளில் பனியும் முன்னைப்போல் இல்லை.

எல்லாப் பிள்ளைகளையும் தனித்தனியே கூப்பிட்டு, அம்மா அப்பா என்ன சொல்வார்கள் என்பதை விடு, உனக்கு விருப்பமா என்று கேட்கிறேன். பெரும்பாலானவர்கள் ஓம் என்பார்கள். அவளிடம் ஒன்பதாம் வகுப்பில் இப்படிக் கேட்டபோது இல்லை என்றாள். எனக்கு எரிச்சல் வந்தது, மறைக்கவில்லை. வேறு வகுப்பில் போய் இருக்கவேண்டி வருமே என்றேன். பரவாயில்லை என்றாள். வகுப்பு லாகரில் நின்ற அந்தக் கிழமை முழுக்க ஏழாம் வகுப்பில் இருந்தாள். நான் திரும்பி வந்ததும் எப்படி இருந்தது என்று விசாரித்தேன். நன்றாக இருந்ததாம், ஒரு முழுப் புத்தகத்தை வாசித்து முடித்தாளாம். கதிரை எப்படி என்று கேட்டேன். அவளுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை.